முதல் ஆர்டர்

இன்டர்நெட் வியாபாரம் புதிதாக வந்த நேரம். காக்களூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் டிபன் கேரியர் பட்டறைக்கு, இன்டர்நெட்டில் விற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து வெகுநாள் காத்திருந்த பிறகு, முதல் ஆர்டராக நாற்பது கேரியர் கேட்டு வந்தது. முதலாளி ஷஃபியுல்லா பாய் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார்.

சரக்கு போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகியும், விற்றுக்கொடுத்த கம்பெனி பாய்க்குப் பணம் அனுப்பவில்லை. எங்களுக்கும் சம்பளம் நின்றுபோனது.

"பாய், வாடகை குடுக்கலன்னா சாமான வெளிய தூக்கிப் போடுவேன்றான் ஊட்டுக்காரன்," என்றேன்.

"நான் மட்டும் இன்னா ஒளிச்சா வச்சிகினு இருக்கேன், தணிகாசலம்?" என்றவர், என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் சுருங்கியது.

"நாப்பதுக்கும் ஒரே கார்டுல பணம் கட்டிகிறாங்களாம். என் சரக்க நானே வாங்கி, நல்லா விக்கிற மாதிரி பேர் ஏத்திக்கிறேன்னு சந்தேகமாம். விசாரிச்சிட்டுத்தான் தருவாங்களாம்."

"எவன் பாய் அவன், நம்ம வயித்துல அடிச்சவன்?"

"எவனோ பேஜாரு புடிச்சவன். நீ இரு. ஊட்ல ரஷீதா வளையல் கீது. அடகு வச்சி உன் சம்பளத்தக் குடுத்துர்றேன்."

மனைவியிடம் வளையல் கேட்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"அக்கா தரமாட்டேன்னுட்டாங்களா பாய்?"

"வளையல் அப்பவே அடகுக்குப் போயிடுச்சி. ஒருத்தனும் வாங்கலயேன்னு நான் சோறு துன்னாம கெடந்தேன் இல்ல, அத்தப் பாத்துட்டு அவ தம்பி சர்ஃபராஸ்கிட்ட அந்தப் பணத்தக் குடுத்து, அவன் கார்டுல வாங்க வச்சிகிறா. நாப்பது கேரியரும் பழவேற்காட்டுல அவ அம்மா ஊட்ல அடுக்கிகீதாம்."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கம்பெனிக்காரன் புடிச்சி வச்சிகினு இருக்கறது அவ வளையலத்தான் தணிகாசலம்."