எதிரி ஷெட்டில் நாலு டயர்

சிக்னலில் பஸ் நின்றபோதுதான் டிரைவர் அதைப் பார்த்தார்.

மச்சான்! அவர் மனைவியின் தம்பியேதான். கக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு குட்டி டயரை இடுக்கிக்கொண்டு பந்தய எதிரி மீசைக்காரரின் ஷெட்டுக்குள் நுழைகிறான்.

டயர் இவருடையது. அடையாளத்துக்கு மஞ்சள் கோடு போட்டதே இவர்தான்.

"யோவ் டிரைவரு, பச்சை விழுந்து யுகம் ஆச்சு! தூக்கமா?" பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

பஸ்ஸை எடுத்தார். மனசு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

வாரம் முழுக்க நத்தை மாதிரி பஸ் ஓட்டுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு ஆள். தரையை ஒட்டி ஓடும் குட்டிப் பந்தய வண்டியில் ஏறிவிட்டால் புலி. இந்த வருஷக் கோப்பைக்கு மிச்சம் இருப்பது ரெண்டே பேர். அவரும் மீசைக்காரரும். கடைசிப் பந்தயம் இந்த ஞாயிறு. யார் முந்துகிறாரோ கோப்பை அவருக்கு.

அதில் டயர்தான் உயிர். டயருக்கு மருந்து தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி ஊற வைத்தால் ரப்பர் இளகும். திருப்பத்தில் தரையைக் கவ்விக்கொள்ளும். இந்தப் பந்தயத்தில் அதற்குத் தடை இல்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் மருந்து ஒரே பக்கமாக இறங்கிவிடாமல் அடிக்கடி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு மீறினாலோ தொலைந்தது. ரெண்டு சுற்றுக்குள் ரப்பர் கொழகொழத்து வண்டி வழுக்கும்.

எப்போதும் அந்த வேலை இவர் வீட்டில்தான் நடக்கும், அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில். மருந்து தடவுவது மச்சான் பொறுப்பு. இந்தத் தடவை மட்டும், "வீட்ல இடம் பத்தல மாமா, வெளிய ஒரு இடத்துல வச்சுக்கறேன்" என்றிருந்தான்.

வெளியே ஓர் இடம் என்றால் எதிரியின் ஷெட்டா?

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார். "டயர் எங்கடா ஊறுது?"

"தெரிஞ்சவர் இடம் மாமா. கவலைய விடுங்க."

"யாரு அந்தத் தெரிஞ்சவரு?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா தட்டைப் பார்த்தாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"அவன்தான் பார்த்துக்கறேங்கறான்ல. பேசாம சாப்பிடுங்க."

ஓஹோ, அக்காவும் தம்பியும் கூட்டு. மனசு உறுத்துகிறது, அதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவருக்கும் இறங்கவில்லை.

ஞாயிறு காலை மச்சான் டயர்களோடு வந்தான். வாயெல்லாம் பல்.

"நகத்தால அமுக்கிப் பாருங்க மாமா. வெண்ணெய்!"

அமுக்கினார். நகம் சுலபமாக இறங்கியது. ரொம்பவே சுலபமாக.

"இது வேண்டாம். பழைய டயரை மாட்டு."

"என்ன மாமா விளையாடறீங்க? அது கல்லு மாதிரி கிடக்கு."

"மாட்டுன்னா மாட்டு."

மச்சான் முகம் சுருங்கிப் போனது. பழைய டயரை எடுத்து மாட்டினான்.

கடைசிச் சுற்று வரைக்கும் டிரைவர்தான் முன்னால். கடைசித் திருப்பத்தில் அந்தக் கல் டயர் காலை வாரியது. வண்டி வழுக்கிப் புல்லுக்குப் போக, மீசைக்காரர் சத்தமில்லாமல் உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டார்.

ஹெல்மெட்டைக் கழற்றி வீசினார் டிரைவர்.

"இப்ப சந்தோஷமாடா? கூடவே இருந்து என் டயரை அந்தாள்கிட்ட கொண்டு போய்க் குடுத்தவன்தானே நீ! பஸ்ஸுல இருந்து என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!"

கோப்பையும் கையுமாக வந்த மீசைக்காரர், ஓரத்தில் கிடந்த மஞ்சள் கோட்டு டயர்களைப் பார்த்துத் திகைத்தார்.

"அட, இதைப் போடலையா நீங்க? போட்டிருந்தா இன்னிக்கு என்னால உங்களைத் தொட்டிருக்கவே முடியாதே!"

"உங்க கை பட்டதை நான் போடுவேனா? வேணும்னே அதிகமா ஊற வச்சிருப்பீங்க!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீசைக்காரர் கோபப்படவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என் டயரை மறந்தாலும் உங்க டயரை உருட்ட மறக்கலைங்க. அந்த மருந்து வாசனை மண்டையைப் பிளக்கும். உங்க வீட்ல அது அடுப்படிக்குப் பக்கத்துலயாமே. வயித்துல பிள்ளையோட அந்தப் பொண்ணு எப்படி..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிரைவர் மச்சானைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் மாமா. போன தடவை மாதிரி கலைஞ்சிடுமோன்னு அக்காவுக்குப் பயம். உங்ககிட்ட சொன்னா நீங்க வண்டியிலயே உட்கார மாட்டீங்களாம். பந்தயம் முடியட்டும், நானே சொல்றேன்னாங்க. டயர் வைக்க யார் யார்கிட்டயோ இடம் கேட்டேன். இவர் ஒருத்தர்தான் குடுத்தார்."



பார்வையாளர் படியில் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கி வந்தாள் மனைவி. தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வெளியாகிவிட்டது அவளுக்குப் புரிந்தது. கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"கோப்பை கிடக்குது, விடுங்க. அவரு டயரைப் பார்த்துக்கறதோட நம்ம டயரையும் உருட்டி உருட்டி வச்சாரே, அவருக்கு ஒரு நன்றி சொன்னீங்களா?"