எடுக்கும் நேரம்

அழுகை வரவில்லை.

மற்ற வீடுகளில் அவளுக்கு வந்திருக்கிறது. பந்தலுக்குள் கால் வைத்ததும் தொண்டையிலிருந்து ஒரு கேவல் கிளம்பும். யாராவது ஒருத்தி கட்டிக்கொள்வாள். பத்துப் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா மகன் ரீகன் தோளில் தண்ணீர் கேனோடு பின்வாசல் வழியாக உள்ளே போவான்.

இழவு வீட்டில் கேன் சுமப்பவனை யாரென்று எவரும் கேட்பதில்லை.

பீரோவைத் திறக்க அவனுக்கு ஐந்து நிமிடம் போதும். அதுவரை அவள் அழ வேண்டும். முதல் வீட்டில் கிடைத்ததில் அவளுக்கு ஒரு போன் வாங்கித் தந்தான்.

இது நான்காவது வீடு. அவளுக்குப் பதினாறு வயது.

சுவரொட்டியில் பார்த்த முகம்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தாணுமூர்த்தி, அரிசி ஆலைக்காரர். மூக்கில் பஞ்சு. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்தாள். அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“ஆவுடை... ஏட்டி, ஆவுடைதானே நீ?”

பந்தல் சலசலத்தது. பூனாவிலிருந்து மகள் வந்துவிட்டாள். நாலு வயதில் தாயோடு போனவள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது.

ரீகன் உள்ளே இருந்தான்.

அவள் தலையாட்டினாள்.

பிறகு எல்லாம் அவளைக் கேட்காமலே நடந்தது. பெட்டியைத் திறந்தார்கள். மகள் வரட்டும் என்றுதான் வாய்க்கரிசியை நிறுத்தி வைத்திருந்தார்களாம். அரிசியை அவள் கையில் கொடுத்தார்கள்.

யாரோ ஒரு மனிதரின் உதட்டில் மூன்று முறை போட்டாள். விரல் பட்டது. அந்தக் குளிர்ச்சி அவள் நினைத்திருந்ததைவிட அதிகம்.

அப்போதும் அழுகை வரவில்லை.

“அழாட்டிப் போவுது, விடுங்க. பன்னெண்டு வருசக் கோவம் இருக்கும்லா,” என்று கூட்டத்திடம் சொன்னாள் அந்த அம்மாள். வேலம்மா. இறந்தவரின் அக்கா.

அவள் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனாள்.

“உனக்குன்னு நாலு வளையல் அடிச்சு வச்சிருக்கான் உங்கப்பன். அளவு தெரியல அவனுக்கு. தெருவுல உன் வயசுப் பிள்ளையள எல்லாம் நிப்பாட்டிக் கையப் பாத்தான், கிறுக்குப் பய.”

சிரிக்கப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

சாவி படுமுன்பே பீரோக் கதவு திறந்துகொண்டது.

மேல்தட்டு காலி. வளையல் சுற்றியிருந்த ரோஸ் தாள் மட்டும் கிடந்தது.

ரீகன் இந்நேரம் தெருமுக்குக்குப் போயிருப்பான். வேலம்மா போடப்போகும் கூச்சலுக்காக அவள் காத்திருந்தாள். கூச்சல் கேட்டதும் ஓடத் தெரியும் அவளுக்கு.

கூச்சல் வரவில்லை.

வேலம்மா பீரோவை மெல்லச் சாத்தினாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“என் மவன் வேலைதான். நேத்தே சாவி கேட்டான். வெளிய சொல்லிராத, தாயி.”

“அவங்க எடுத்திருக்க மாட்டாங்க, அத்தை.”

அத்தை என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“அவனப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

வேலம்மாவின் வலக்கையில் இரண்டு பழைய வளையல்கள் இருந்தன. கழற்றப் பார்த்தாள். இறங்கவில்லை. அலமாரியிலிருந்த தேங்காய் எண்ணெயை மணிக்கட்டில் ஊற்றித் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தோல் வழன்று சிவந்தது.

எண்ணெயோடு எண்ணெயாக அவள் கையில் மாட்டிவிட்டாள்.

“என் தம்பி பொணம் கெடக்கு. அவனுக்கு முன்னால என்னைத் தலகுனிய வச்சிராத. போட்டுக்கோ.”

இப்போது அழுகை வந்தது.

இந்த முறை அதை யாரும் பார்க்கக் கூடாது என்றிருந்தது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று முனகினாள். பின்வாசல் வழியாக வெளியேறினாள்.

முக்கில் ரீகன் பைக்கை ஓடவிட்டபடி நின்றிருந்தான். சட்டைப்பை புடைத்திருந்தது. அவள் கையைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவனிடம் போய்ச் சேருமுன் ஓர் ஆட்டோ குறுக்கே வந்து நின்றது.

ஒருத்தி இறங்கினாள். இவள் வயதுதான். ரயில் தூசி படிந்த முகம். தோளை இழுக்கும் ஒரு பெரிய பை.

“தாணுமூர்த்தி வீடு...” தமிழ் தடுக்கியது. “எடுத்துட்டாங்களா?”

இவள் வளையல் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“நான் அவரோட மகள். ரொம்ப வருசம் ஆச்சு. யாருக்கும் என்னைத் தெரியாது.” வந்தவள் பந்தலைப் பார்த்தாள். “உள்ள விடுவாங்களா?”

ரீகன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

இவளுடைய எண்ணெய்க் கை இன்னும் பின்னால்தான் இருந்தது. அதை முன்னால் கொண்டுவர வெகுநேரம் பிடித்தது.

“பையத் தா,” என்றாள். “நானும் வாரேன்.”