இரண்டு காதும் தெரியணும்

"பாதி மூஞ்சியைக் காணோமே, இதை யாரு எடுத்தது?" என்று கவுண்ட்டருக்குள்ளிருந்து கேட்டார் கிளார்க்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் படக்காரம்மாவைப் பார்த்தார்கள்.

மணி நாலே கால்.

முப்பத்துநான்கு வருடமாகக் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு உலகத்தைச் சுற்றுகிறவள் அவள். சண்டை நடந்த ஊர், வெள்ளம் புகுந்த ஊர், பூமி பிளந்த ஊர் என்று அவள் கால் படாத இடம் குறைவு. பெரிய பெரிய பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு அவள் படத்துக்காகக் காத்திருந்ததுண்டு.

கிளார்க்குக்கு அதெல்லாம் தெரியாது. அவர் கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தது.

வீடு வாசல் இழந்து வந்தவர்களின் முகாம் அது. எல்லையைத் தாண்டிப் போகிற பஸ் மறுநாள் காலையில். படம் ஒட்டிய விண்ணப்பம் ஐந்து மணிக்குள் அந்தக் கவுண்ட்டருக்குள் போய்விட வேண்டும். தவறினால் அடுத்த பஸ் மூன்று மாதம் கழித்துத்தான்.

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிற ஒரே மெஷின் மத்தியானமே படுத்துவிட்டது.

கவுண்ட்டர் கம்பியைப் பிடித்தபடி ஓர் இளம் தாய் நின்றாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. கணவன் எல்லைக்கு அந்தப் பக்கம். பெற்ற பிள்ளையை அவன் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

அவள் அழுததைப் பார்த்துத்தான் படக்காரம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். மற்றப் படக்காரர்கள் எல்லைக் கதவடிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஐந்து மணிக்கு இரண்டு நாட்டுத் தலைவர்களும் கை குலுக்கப் போகிறார்கள்.

படம் அனுப்பி வைக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிற ரகமில்லை அவள். யாரை எடுத்தாலும் கையோடு ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் நகர்வாள். அதற்கென்றே உள்ளங்கை அகலத்தில் ஒரு பிரிண்டர் அவள் பையில் எப்போதும் இருக்கும்.

ஆனால் பழக்கம் லேசில் விடுமா, கண்ணுகளா?

இங்கே பார், அங்கே நில் என்று அவள் யாரிடமும் சொன்னதே கிடையாது. நடப்பது நடக்கட்டும், நாம் ஓரமாக நின்று பார்ப்போம் என்பதுதான் அவள் தொழில் தர்மம்.

அதனால் காத்திருந்தாள். சாய்ந்த வெயில் தாயின் ஒரு கன்னத்தில் விழுந்தது. குழந்தை திரும்பித் தாயின் காதைப் பிடித்து இழுத்தது. அப்போது எடுத்தாள்.

கண்காட்சியில் மாட்டியிருந்தால், வந்தவர்கள் அதன் முன்னால் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

கிளார்க் அந்தப் படத்தின் மேல் ஸ்கேலை வைத்தார்.

"அம்மா காதைப் பிள்ளை கை மறைக்குது. பிள்ளை காதைத் துணி மறைக்குது. நிழல் வேற. செல்லாது. இப்பத்தான் கத்துக்கிறீங்களாம்மா?"

"கடவுளே வந்து நின்னாலும் இவரு மொதல்ல காதைத்தான் அளப்பாரு," என்றார் வரிசையில் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை.

படக்காரம்மாவின் முகம் சிவந்தது. ஒரு நொடிதான். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த விதிகளை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"வரிசைக்காரங்க ரெண்டு பேர் வந்து பின்னால இந்தப் பெட்ஷீட்டைப் பிடிங்க. தங்கச்சி, இங்க பாரு. சிரிக்காத. காதைக் காட்டு."

முப்பத்துநான்கு வருடத்தில் அவள் ஒருவரிடம் 'இங்க பாரு' என்றது அதுதான் முதல் தடவை.

படம் வந்தது. வெளிச்சமும் இல்லை, நிழலும் இல்லை, கதையும் இல்லை. சப்பென்று இரண்டு முகம், நாலு காது.

கிளார்க் அளந்தார். இன்னொரு தரம் அளந்தார். டப்பென்று சீல் விழுந்தது.

அந்தத் தாய் படக்காரம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குழந்தை கேமரா வாரைப் பிடித்துக் கடித்தது.

"அக்கா, அப்படியே எனக்கும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று.

பைக்குள் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ஆபீஸ்தான். அவள் எடுக்கவில்லை. கை குலுக்குவதைப் பிடிக்க அங்கே நாற்பது கேமரா இருந்தது. இங்கே ஒன்றுதான்.

வரிசை தீர்ந்தபோது மணி நாலு ஐம்பத்தொன்று.

கவுண்ட்டரின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கிளார்க் வெளியே வந்தார். தண்ணீர் தொட்டுத் தலை வாரியிருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. பெட்ஷீட்டின் முன்னால் போய் நின்றார்.

அவரும் முகாம்காரர்தான். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று கவுண்ட்டரில் உட்காரவைத்திருந்தார்கள். எல்லோரும் முடிந்தபின் நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தவரை மெஷின் ஏமாற்றிவிட்டது.

அவர் கையில் புது விண்ணப்பம் ஒன்று, படம் ஒட்டாமல். அதோடு மடிப்பு மடிப்பாக நைந்துபோன பழைய தாள் ஒன்று. அதில் மனைவி பெயருக்கு நேரே பச்சை சீல். இரண்டு மகள்களுக்கும் பச்சை. அவர் பெயருக்கு நேரே மட்டும் சிவப்பு. மூன்று மாதத்துக்கு முந்திய தேதி. பக்கத்தில் எல்லைக்காரன் கிறுக்கியிருந்தான்: 'படத்தில் நிழல்.'

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

படக்காரம்மா அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராக நின்றார். நேராகப் பார்த்தார்.

படம் வெளியே வந்தது. மணி நாலு ஐம்பத்துநாலு.

சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தன் முகத்தைத் தானே அளந்தார். இரண்டு காதும் இருந்தன. நிழல் இல்லை. அப்படியும் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார்.

"கண்ணு கலங்கியிருக்கு," என்றார். "செல்லாது. இன்னொண்ணு எடுங்கம்மா."