முதுகில் பெயிண்ட்

“போர்டு எழுதுறவங்களுக்குக் கையில பெயிண்ட் ஒட்டும், சரி. முதுகுல எப்படிங்க ஒட்டும்?”

“சாஞ்சுக்கிட்டு எழுதுவேன்.”

கல்யாணமாகி ஒன்பதாம் நாள். துவைக்க எடுத்த பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். அவன் கூசாமல் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆரஞ்சு நிறக் கறை. பெயிண்ட் இல்லை. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவனின் வியர்வை அந்த நிறத்தில் வரும்.

இன்னும் மூன்று மாத மாத்திரை மிச்சமிருந்தது. பெண் பார்க்கப் போனபோது சொல்லாததை, பெண் வீட்டுக்கு வந்த பிறகு எப்படிச் சொல்வது?

அன்றே நிறுத்தினான்.

அடுத்த வாரம் பனியன் பளிச்சென்று வெளுத்தது. துவைத்த கைக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டாள் அவள்.

சில மாதங்களில் இருமல் வந்தது. அதற்கும் பெயிண்ட்தான் கை கொடுத்தது. பெயிண்ட் நெடி என்றான். டாக்டர் என்று அவள் வாயெடுத்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இரண்டு நாளைக்குப் பேச்சு இருக்காது. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

இப்போது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் அவள் கிடக்கிறாள்.

மூன்று வாரமாகத் தலைவலி. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று அவன் சொன்ன தலைவலி. பிறகு வாந்தி. நேற்று அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றாள்.

காலையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டோடு இப்போது டாக்டரம்மா வந்து நிற்கிறார். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் காசநோய்.

“வீட்டுல யாருக்காவது டி.பி. இருந்துச்சா? மாத்திரையப் பாதியில விட்டவங்க யாராவது? அப்படின்னா அந்தக் கிருமி சாதாரண மருந்துக்கு மசியாது. வேற மருந்துதான் குடுக்கணும். அது தெரியாம ஆரம்பிச்சா நாள்தான் வீணாகும். இவங்களுக்கு அவ்வளவு நாள் இல்ல.”

அவன் தொண்டையைச் செருமினான். செருமல் இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்படி யாரும் இல்லைங்க டாக்டர்.”

டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றினார்.

இருமல் சத்தத்தில் அவள் விழித்திருக்க வேண்டும். அவனையே பார்த்தாள். அவனிடம் ஒரு நாளும் காட்டாத சலுகையோடு கை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வந்துட்டியாண்ணா?”

அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து சேர மாலையாகும்.

“அவருக்கு ரெண்டு வருஷமா இருமல்ணா. நான் சொன்னாக் கோவிச்சுக்குவாரு. நீ பக்குவமாப் பேசி, ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போண்ணா.”