மேசைமேல் எளிதான தாழ்ப்பாள்

ஐப்பசி ஒன்பது, வியாழக்கிழமை. காலை முதல் கடும் புழுக்கம்.

பணிமகளிர் விடுதியின் மேல்தள அறைகளுக்குக் கூரைச் சாளரம் ஒன்றே காற்றுவழி. அதன் புதிய தாழ்ப்பாள் எளிதானதெனச் சான்றளிக்க, அங்கு வசிக்கும் சவுந்தரி பட்டறைக்கு அழைக்கப்பட்டார். வடிவமைப்பாளர் அமலதாசன் சாளரத்தை வழக்கம்போல் மேசைமீது கிடத்தியிருந்தார்.

"ஒரு விரல் போதும் மேடம். திறந்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"எங்க ரூம்ல கூரை இடுப்பு உயரத்துலயா இருக்கு? மேல மாட்டுங்க சார்."

பட்டறை ஆட்கள் அதை அறைக்கூரை உயரத்தில் மாட்டினார்கள். சவுந்தரி நுனிக்காலில் நின்று கைநீட்டியும் தாழ்ப்பாள் ஒரு முழம் மேலே இருந்தது.

"ஸ்டூல் போட்டுக்கலாமே?"

"மூச்சு விடணும்னா தினமும் ஸ்டூல் ஏறணுமா?"

அமலதாசன், "தாழ்ப்பாள் எளிது, பயனாளியின் உயரம் போதாது" எனப் படிவத்தில் எழுதி, சிறிதும் கூச்சமின்றி ஒப்புதல் முத்திரையைக் குத்தினார். அப்போது பிற்பகல் மணி மூன்று பதினேழு.