கடைசித் தொட்டி

"காபி எங்க ஓடிடப் போகுது? முதல்ல தொட்டியை வந்து பாருங்க தம்பி."

பாலைச் சிறுதீயில் வைத்துவிட்டு அவள் முன்னே நடந்தாள். கணவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஓடையின் கீழ்ப்பக்கம் குடியிருக்கும் கொழுந்தன், பல வருஷம் கழித்து இன்றுதான் இந்த வீட்டுப் படியேறியிருந்தான்.

"ரொம்ப மெலிஞ்சுட்டீங்க அண்ணி."

"இது இப்ப வந்ததில்ல. தொட்டி கட்டின வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து எதைத் தின்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. உன் சமையல் உனக்கே பிடிக்கல பாருன்னு உங்க அண்ணன் கேலி பண்ணுவார்."

கொட்டகைக்குப் பின்னால் தொட்டிகள் படிப்படியாக இறங்கின. காபிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீர் கொழகொழவென்று புளித்து நாறும். முன்பெல்லாம் அது அப்படியே ஓடைக்குப் போனது. கீழே கொழுந்தனின் மாடுகள் அதில் வாய் வைக்கவில்லை. அவன் வந்து சண்டை போட்ட பிறகுதான் அண்ணன் தொட்டிகளைக் கட்டினார். ஒன்றில் சக்கை படியும். அடுத்ததில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிப்பார்கள். அதற்கடுத்ததில் நாணல். கடைசித் தொட்டியில் தெளிந்தது திரும்பத் தோலுரிக்கும் இயந்திரத்துக்கும் நாற்றுப் பாத்திக்கும் போகும். மிஞ்சினால்தான் ஓடைக்கு.

வாடை போகும்வரை அங்கே தேக்கிவைக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்கக் கொட்டகையில் நிற்பவர்களுக்கு மூக்கு பழகிப்போயிருந்தது. அதனால் கணவர் தினமும் அவளை வீட்டிலிருந்து கூப்பிடுவார். "என் மூக்கு ரிட்டயர் ஆயிடுச்சு. இனிமே உன் மூக்குதான் மேஸ்திரி" என்பார். அவள் குனிந்து முகர்ந்து, ஒன்றுமில்லை என்பாள். அவர் மடையைத் திறப்பார்.

அதன் பிறகும் நாற்றம் குடலைப் புரட்டுகிறது என்று தம்பி வந்து நின்றான். அப்படியென்றால் என் பெண்டாட்டி பொய் சொல்கிறாளா என்று கேட்டார். வார்த்தை முற்றியது. பேச்சு நின்றது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பிக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று அவள் கேட்டாள். அவன் வாயால் தண்ணீர் சுத்தம் என்று சொல்லட்டும், அப்புறம் வரட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த வருஷ அறுவடையை அவளே நடத்துகிறாள். இன்று காலையிலும் தானே முகர்ந்து, தானே மடையைத் திறந்திருந்தாள்.

"குனிஞ்சு மோந்து பாருங்க," என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். உங்க அண்ணன் அழுக்குத் தண்ணி விட்டவர்ங்கற பேரோட போகக் கூடாது."

அவன் தண்ணீரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் முட்டியிருந்தது. அண்ணனை நினைத்துக்கொண்டான் போல என்று அவளுக்குத் தோன்றியது.

"வாடையே இல்ல அண்ணி. அண்ணன் சரியாத்தான் பண்ணியிருக்கார்."

"இதை அவர் இருக்கும்போது சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"சொல்லியிருக்கணும்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் கடைசிவரை வீம்பாக இருந்தார். அவர் காதில் அது விழவில்லையே என்று இருந்தது அவளுக்கு. ஆனாலும் இத்தனை நாளில் இன்றுதான் நெஞ்சு கொஞ்சம் லேசானது. வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

வாசலில் சட்டென்று நின்று கையால் மூக்கைப் பொத்தினான்.

"அண்ணி, பாலை மறந்துட்டீங்களா? தீஞ்சு வீடே நாறுதே."

அவள் படியில் நின்று மூச்சை இழுத்தாள். இன்னும் ஆழமாக இழுத்தாள். கடைசித் தொட்டியருகே தினமும் வந்த அதே ஒன்றுமில்லாத காற்றுதான் வந்தது.