ஊரார் செலவில் ஒரு டிக்கெட்

“அடேய், பணத்தை உள்ளே வை! நான் வந்துட்டேன்!”

மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தார் கிடங்கு ஸ்டோர்கீப்பர். கல்லாவுக்கு முன்னால் நோட்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான்.

“அண்ணே, வாஷிங் மிஷின் வாங்கப் போறேன்னு உங்ககிட்ட வாயை விட்டது என் தப்பு. கிடங்கை அப்படியே போட்டுட்டா ஓடி வந்தீங்க?”

“மேனேஜர்கிட்ட வயித்து வலின்னு சொல்லிட்டு வந்தேன்.”

அவர் தன் கிரெடிட் கார்டை நீட்டினார். இயந்திரம் கிர்ரென்று ரசீதைத் துப்பியது. டிரைவர் தன் பணத்தை அப்படியே அவர் கையில் வைத்தான்.

“எல்லாரும் செலவு குறையணும்னு சாமி கும்பிடுவாங்க. ஊரே செலவு பண்ணணும்னு கும்பிடற ஒரே ஆள் நீங்கதாண்ணே. என் வீட்டுல துணி துவைச்சா நீங்க பறப்பீங்க. என்ன கணக்கோ இது!”

“கார்டுல செலவு பண்ணினா பாயின்ட்டு. பாயின்ட்டு சேர்ந்தா விமான டிக்கெட்டு. அவ்வளவுதாண்டா கணக்கு.”

கிடங்கில் அவருக்கு ‘பாயின்ட் அண்ணன்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. காவலாளி மகளின் காலேஜ் ஃபீஸ், மேனேஜரின் கார் டயர், டைப்பிஸ்ட் அம்மாவின் மூக்குக்கண்ணாடி... யார் எது வாங்கினாலும் முன்னால் போய் நிற்பார். கார்டு இவருடையது, பணம் அவர்களுடையது. கைக்கு வந்த பணத்தில் ஒரு டீக்குக்கூடத் தொடாமல் மறுநாளே பேங்கில் கட்டிவிடுவார். கடல் தாண்டி இருக்கிற மகளைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு டிக்கெட் வேண்டும். அவள் கல்யாணக் கடன் போக மிஞ்சுகிற சம்பளத்தில் விமானத்தின் படத்தைத்தான் வாங்கலாம்.

மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்து நாற்காலியில் விழுந்தபோது, கால்கள் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போலக் கனத்தன.

“வந்தாச்சா, ஊருக்கெல்லாம் சாமான் வாங்கித் தர்ற மகராசன்? இன்னிக்கு யார் வீட்டுக்கு என்ன?” என்றாள் மனைவி.

“வாஷிங் மிஷின்.”

“பேஷ்! இங்க ஒருத்தி கைத்தோல் உரிய அடிச்சுத் துவைக்கிறா.” ஈரத்துணி வாளியை ணங்கென்று வைத்தாள். “இவ்வளவு நாள் நாயா அலைஞ்சும் ஒரு வழிக்குத்தான் பாயின்ட் தேறும்னு நீங்களே சொன்னீங்க. திரும்பி எப்படி வர்றதா உத்தேசம்? நீந்தியா?”

அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

ஃபோன் அடித்தது. மகள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் குழாய்த் தண்ணீர் சலசலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்கியாடி?”

“இருக்கேம்மா. அப்பா இருக்காரா? அப்பா... பாயின்ட் எவ்வளவு ஆச்சு?”

“நெருங்கிட்டோம்டா. இன்னிக்குப் பெரிசா ஒண்ணு மாட்டுச்சு.”

“போதுமாப்பா?”

“போதும்னுதான் நினைக்கிறேன்.”

“சரிப்பா, வெச்சிடறேன்.” தொடர்பு அறுந்தது.

“பாருங்க! அப்பா சாப்பிட்டியா, அம்மா எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை உண்டா? எப்பப் பாரு பாயின்ட்டு, பாயின்ட்டு. அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு.” மனைவி துணியை உதறினாள். “இருந்தாலும் குடுத்து வச்சவ. கையில காசு வச்சுக்கிற கவலையே இல்ல. காய்கறியிலேர்ந்து எல்லாம் மாப்பிள்ளையே வாங்கிப் போடறார். எனக்கும் ஒருத்தர் வாய்ச்சாரே! நேத்து சம்பந்தியம்மாகிட்டகூடப் பெருமையாச் சொன்னேன், எங்க வீட்டுக்காரரும் விமானம் ஏறப் போறாருன்னு.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “யார்கிட்டேயும் மூச்சு விடாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“ஏன் இப்படிப் பாயறீங்க? சொன்னா என்ன குடியா முழுகிடும்? மாப்பிள்ளை விமான நிலையத்துக்குக் கார் எடுத்துட்டு வருவார்ல?”

 அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் வாஷிங் மிஷினுக்கான பாயின்ட் கணக்கில் ஏறியது. வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் விமானக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார். ஏதோ ஒரு இசை ஓடிக்கொண்டே இருந்தது. மனைவிக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள்.

“இந்தக் காலர் கிழிஞ்ச சட்டையோட போய் மாப்பிள்ளை முன்னால நிக்காதீங்க. நல்லதா ரெண்டு எடுத்துக்கலாம். குளிருமாம், ஸ்வெட்டர் வேணும். அவ கொஞ்சம் பூசினாப்பல ஆயிருக்காளான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க, என்ன?”

இசை நின்றது. ஒரு பெண் குரல் வந்தது. “வணக்கம் சார். சரிபார்த்துட்டேன். ஒரு வழிப் பயணத்துக்குப் பாயின்ட் சரியா இருக்கு. எந்தத் தேதிக்குப் போடலாம்?”

“இருக்கிறதுலேயே முதல் விமானம் எதுவோ அதுலம்மா.”

“நாளன்னிக்கு ஒரு இடம் இருக்கு சார். பயணம் பண்றது நீங்கதானே?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “நான் இல்லம்மா, என் பொண்ணு. அங்கேர்ந்து கிளம்பி இங்க வீட்டுக்கு வந்து சேர்றதுக்குப் போடுங்க, திரும்பிப் போறதுக்கு என்னிக்குமே வேண்டாம்.”